ஈரம் காயாத புள்ளி

டீச்சரின் வெள்ளைக் கார் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தபோது காலை ஒன்பதரை மணி. கிழமை செவ்வாய். வாசலில் தண்ணீர் போக ஒரு சிறு பள்ளம் உண்டு. அதைக் கடக்கும்போது எல்லோருடைய வண்டியும் ஒரு குலுக்குக் குலுக்கும். டீச்சர் மட்டும் அதற்கு முன்னால் நின்று, முதல் கியருக்கு மாற்றி, தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் கிடத்துகிறவர் மாதிரி வண்டியை இறக்குவார். பத்தாயிரம் கிலோமீட்டரில் வாருங்கள் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்திலேயே வந்து நிற்பார். இப்படிப்பட்ட கஸ்டமர் நூற்றில் ஒருவர். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் புகை வந்த பிறகுதான் வருவார்கள்; வந்து எங்களைத்தான் திட்டுவார்கள்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள். சாவியைக் கையில் வாங்கும்போது, "எல்லாம் செக் பண்ணிட்டீங்களா?" என்று கேட்பார். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். அடுத்து, வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து நாலு டயரையும் ஷூ முனையால் ஒவ்வொரு தட்டு தட்டுவார். தட். நாலு எட்டு நடை. தட். அப்படித் தட்டினால் என்ன தெரியும் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாதுதான். நான் பாத்துட்டேன்னு வண்டிக்குத் தெரியும்ல" என்று சிரித்தார்.

நான் கொன்றது இந்த டீச்சரைத்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து வளைத்துத்தான் இன்றைக்கு இந்த நிலைமையில் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு முறை உண்டு. வீலைக் கழற்றி மாட்டும்போது நட்டுகளை முதலில் கையால் சுற்றி ஏற்றிவிடுவோம். லிஃப்டிலிருந்து வண்டியைத் தரைக்கு இறக்கியதும் டார்க் ரெஞ்சைப் போட்டு இறுக்க வேண்டும். நீளமான கைப்பிடி உள்ள கருவி அது. தேவையான இறுக்கம் வந்துவிட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு நட்டின் தலையில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். ஒரு வீலுக்கு நாலு நட்டு, நாலு டக், நாலு புள்ளி.

கஸ்டமர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். வண்டியை எடுக்கும் முன்னால் தினமும் நாலு விஷயம் பாருங்கள்: ஆயில், தண்ணி, காத்து, புள்ளி. முதல் மூன்றும் ஊரில் எல்லோரும் சொல்வது. நாலாவது நான் சேர்த்தது. "நாலு புள்ளியும் இருந்தா பயமில்லாம போங்க" என்பேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

ஆனால் எனக்கு இடுப்பு வலி. வண்டி லிஃப்டில் இருக்கும்போது நட்டு கண்ணுக்கு நேரே இருக்கும். இறக்கிவிட்டால் பேனாவைப் பிடித்துக்கொண்டு பதினாறு தடவை குனிய வேண்டும். எனவே நான் புள்ளியை முதலிலேயே, வண்டி மேலே இருக்கும்போதே வைத்துவிடுவேன். இறக்கிய பிறகு ரெஞ்சு. இப்படியே எட்டு வருஷம். ஒரு தடவைகூடத் தப்பு நடந்ததில்லை. எங்கள் முதலாளியும் இதைப் பார்த்திருக்கிறார். எந்த வேலையைக் கேட்டாலும் "அரைமணி நேரத்துல முடிஞ்சிரும்" என்று கஸ்டமரிடம் சொல்லிவிடுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைமணி. அரைமணியிடம் வேலை பார்க்கிறவன் நேரத்தை எங்கேயாவது திருடித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு டீச்சர் வண்டியை இறக்கினேன். வலது முன் வீல், நாலு டக். வலது பின் வீல், நாலு டக். இடது பின் வீல், நாலு டக். இடது முன் வீலுக்கு முன்னால் போய்க் குந்தும்போது என் போன் அடித்தது.

என் மனைவி.

"ஏங்க, நம்ம வாலு ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டாளாம். டாக்டர் காலை அமுக்கிப் பாத்தாரு. குழி விழுதுங்க. கிட்னின்னு என்னமோ சொல்றாருங்க." அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

வாலு என்பது எங்கள் எட்டு வயது மகள். கால் தரையில் பாவாத பிள்ளை என்பதால் அந்தப் பெயர். நான் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனேன். கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினேன். திரும்பி வந்தபோது அரைமணி கத்திக்கொண்டிருந்தார். டீச்சர் காத்திருந்தார். இடது முன் வீலைப் பார்த்தேன்.

நாலு மஞ்சள் புள்ளி.

முடித்துவிட்டேன் என்றுதான் என் கண் எனக்குச் சொன்னது.

"எல்லாம் செக் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் டீச்சர். பயமில்லாம போங்க."

அவர் சுற்றிவந்து நாலு டயரையும் தட்டினார். பள்ளத்தில் மெதுவாக இறங்கி ஏறிப் போனார்.

இரண்டு நாள் உள்ளூரிலேயே ஓட்டியிருக்கிறார். வியாழக்கிழமை மத்தியானம் பெரிய சாலையில், வளைவில், இடது முன் வீல் தனியே கழன்று ஓடியது. கார் கல் சுவரில் மோதியது. அவருடைய பையன் அன்றைக்கு ஸ்கூல் வாசலில் ஆறு மணி வரைக்கும் நின்றிருந்தானாம்.

விசாரணைக்கு வந்தார்கள். அரைமணி சர்வீஸ் தாளை எடுத்துக் காட்டினார். 'வீல் நட்' என்ற வரிக்கு நேரே என் டிக், கீழே என் கையெழுத்து. சாலையோர வாய்க்காலில் கண்டெடுத்த ஒரு நட்டின் தலையில் மஞ்சள் புள்ளி அப்படியே இருந்தது. புள்ளி இருக்கிறதே, அப்படியென்றால் இறுக்கித்தான் அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் வேறு யாரோ கை வைத்திருக்க வேண்டும், அல்லது ரோட்டுக் குழியின் வேலையாக இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை உடம்பு வீங்கிக் கிடக்கிறது, நான் உள்ளே போனால் அதை யார் பார்ப்பது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

புள்ளி என்னைக் காப்பாற்றியது. அன்றோடு அந்தப் பேனாவை டூல் பெட்டியின் அடியில் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை.

நாலு மாதம் போயிற்று. வாலுவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், காலை எட்டரைக்கு மெஷினில் படுக்க வேண்டும். ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி. பஸ்ஸில் கூட்டத்தில் கொண்டுபோகக் கூடாது, சளி பிடித்தால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினேன். என் மனைவிக்கும் ஓட்டக் கற்றுக் கொடுத்தேன். நான் லீவு கிடைக்காமல் மாட்டிக்கொண்டால் அவள்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு தவணை தப்பினாலும் பிள்ளை மூச்சுக்குத் திணறும். எங்கள் வீட்டில் அந்தக் கார்தான் வாலுவுடைய இரண்டாவது கிட்னி.

மனைவிக்கும் அதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆயில், தண்ணி, காத்து, புள்ளி. வாய் பழகிப்போய் வந்துவிட்டது. "நம்ம வண்டில புள்ளியே இல்லையேங்க?" என்று கேட்டாள். "நான்தான் தினமும் பாக்குறேன்ல. வச்சா பாத்துக்கோ" என்று மழுப்பினேன்.

முதல் செவ்வாய். காலை ஆறு மணி. நன்றாக விடிந்திருந்தது. சந்தில் சுவரோரம் கார் நின்றது. பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தேன். தண்ணீர் பார்த்தேன். காற்று பார்க்கக் குனிந்தபோது மூக்கில் அந்த வாசனை ஏறியது. பெயின்ட் வாசனை. மூக்கின் அடியில் சுரீர் என்று பிடிக்கும் வாசனை.

இடது முன் வீலில், ஒரு நட்டின் தலையில், மஞ்சள் புள்ளி.

விரலை வைத்தேன். ஈரம். விரல் நுனி மஞ்சளாயிற்று.

அந்த நட்டைப் பிடித்துத் திருகினேன். பாட்டில் மூடி மாதிரி விரலிலேயே சுழன்றது.

மற்ற மூன்றும் கல்லாக இருந்தன. சந்தில் யாரும் இல்லை. எதிர்வீட்டு மாடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. முந்தின ராத்திரிதான் பதினாறு நட்டையும் என் கையால், என் ரெஞ்சால், டக் டக் என்று கேட்டு இறுக்கியிருந்தேன். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு தின்னர் போட்டுத் துடைத்தேன், இறுக்கினேன், ஓட்டிக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை.

இரண்டாவது செவ்வாய், இரண்டு புள்ளி. இரண்டு நட்டு விரலில் சுழன்றன. குந்தி உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தபோது வண்டியின் மறுபக்கம் சத்தம் கேட்டது.

தட்.

நாலு எட்டு நடை.

தட்.

ஷூ முனை ரப்பரில் படும் சத்தம். அதை நான் எப்படி மறப்பேன்? வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். கால் எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் பின்பக்கமாகச் சுற்றி வந்தது.

தட்.

எனக்குப் பக்கத்தில், நான் பிடித்திருந்த அதே டயரில், உள்ளங்கைக்குள் அதிர்வு வந்தது.

தட்.

"எல்லாம் செக் பண்ணிட்டீங்களா?"

காதுக்கு ஒரு சாண் தள்ளி, அதே குரல். கோபமே இல்லை. பிள்ளைகளைக் கேட்கும் அதே தொனி. எனக்கு அழுகை வந்தது. ரோட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மனைவி கதவைத் திறந்து வந்தாள். "ஏங்க, மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"இடுப்பு பிடிச்சிருச்சு" என்றேன்.

பின்சீட்டில் தலையணை வைத்துப் படுத்திருந்த வாலு எட்டிப் பார்த்து, "அப்பாவுக்கும் சர்வீஸ் பண்ணணும்மா" என்றாள். மனைவி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு. இன்னும் இரண்டே வாரம். அதற்குமேல் அந்த வீலில் நட்டு இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம் கெஞ்சினேன். செவ்வாயைப் புதனாக மாற்றிக் கொடுங்கள் என்று கையைக் கூப்பினேன். "மெஷின் ஆறுதான் இருக்கு, ஆளு நாப்பது. செவ்வாய் வேணாம்னா சொல்லுங்க, வாசல்ல காத்திருக்கிறவங்க வந்து படுத்துக்குவாங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. நான்தான் காரணம் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டவன்.

மூன்றாவது செவ்வாய்க்கு என் காரே வேண்டாம் என்று வாடகைக் கார் கூப்பிட்டேன். புது வண்டி. டிரைவர் பக்தியாகத் துடைத்து வைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ரெஞ்சை ஒரு பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பாதி வழியில், ஓடுகிற வண்டிக்குள், அந்த வாசனை வந்தது.

"நிறுத்துங்க."

"இங்கயா சார்? வளைவு சார் இது."

"நிறுத்துங்கய்யா!"

இறங்கி ஓடிப் பார்த்தேன். இடது முன் வீலில் மூன்று மஞ்சள் புள்ளி. மூன்றும் ஈரம். டிரைவர் பக்கத்தில் வந்து நின்றார். என் விரலில் நட்டு சுழல்வதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "நேத்துதான் சார் சர்வீஸ்ல இருந்து எடுத்தேன். எல்லாம் பாத்தாச்சுன்னு சொன்னாங்களே" என்று முணுமுணுத்தார். நாங்கள் இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

எந்த வண்டியில் ஏற்றினாலும் அது என் பிள்ளையோடு வருகிறது.

அரைமணியிடம் போனேன். அலுவலகக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, "டீச்சர் வண்டியில அந்த நாலு நட்டை நான் இறுக்கலை சார். போய்ச் சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும்யா" என்றார். "புள்ளிய முன்னாடியே வைக்கிறது எனக்குத் தெரியாதா? முடிஞ்சு போனதைத் தோண்டாத. பிள்ளையைப் பாரு."

பிள்ளையைப் பார்க்கத்தான் சொல்கிறேன் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

திங்கட்கிழமை சாயங்காலம் டூல் பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தேன். முனை காய்ந்து கல்லாகியிருந்தது. காகிதத்தில் அழுத்தி இழுத்துப் பார்த்தேன். கீறல் மட்டும் விழுந்தது. பேனாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். காரின் நாலு வீலையும் நன்றாகத் துடைத்து, பதினாறு நட்டையும் இறுக்கி, ரெஞ்சைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்தேன். மனைவியிடம் பக்கத்து ஊரில் ஒரு வண்டி நின்றுவிட்டது, பார்த்துவிட்டு வருகிறேன், காலைக்குள் வந்துவிடுவேன் என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு மாதப் பொய்யை நிலைப்படியில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான் போய் ஒத்துக்கொண்டால் டீச்சர் விட்டுவிடுவார், நாளைக்குப் புள்ளி வராது, பிறகு நிதானமாக இவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நம்பினேன்.

டீச்சரின் கணவர் கதவைத் திறந்தார். உள்ளே மேஜையில் பையன் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். லிஃப்ட், புள்ளி, போன், கால் மணி நேரம். குரல் கேட்பதை மட்டும் சொல்லவில்லை. தப்பிக்கப் பைத்தியக்கார வேஷம் போடுகிறான் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

அவர் கத்தவில்லை. கதவை லேசாகச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

"புதன்கிழமை சாயங்காலம் நான் அந்த வண்டியில கொஞ்ச தூரம் போனேன். முன்னாடி ஏதோ கடகடன்னு சத்தம் வருதே, பாருன்னு அவகிட்ட சொன்னேன். இறங்கிப் பாத்தா." அவர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நாலு புள்ளியும் இருக்குங்க, அந்த அண்ணன் பாத்துத்தான் வச்சிருப்பாருன்னு சொல்லிட்டு மறுபடி ஏறிக்கிட்டா."

படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்று பைக்கை எடுத்தார். யாருடைய மனைவியைக் கொன்றேனோ அவருடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் ஒரு வேகத்தடை வந்தது. அவர் நின்று, கியரை மாற்றி, மெதுவாக ஏற்றி இறக்கினார். வீட்டிலேயே அப்படித்தான் பழக்கம் போலிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் இல்லை. காலையில்தான் வருவார் என்றார்கள். ரைட்டர் நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். பேனாவை வாங்கிப் பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி, மேல் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்தார். என் போனையும் வாங்கி அதன் பக்கத்தில் வைத்தார். "காலையில ஒரே ஒரு போன் வீட்டுக்குப் பேசிக்கிறேன் சார்" என்றேன். பார்க்கலாம் என்றார். கணவர் போய்விட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலு மாதத்தில் முதல்முறையாக உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். சுவர்க் கடிகாரத்தில் ஏழு இருபது.

செவ்வாய்.

"சார், போன் சார்" என்று எழுந்தேன். நான் கேட்ட அதே நேரம் மேஜையில் போன் அடித்தது. ரைட்டர் பெயரைப் பார்த்துவிட்டு, "வீடுதான், பேசு" என்று நீட்டினார்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? நீங்க வரலைன்னு நானே பாப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். பெரிய ரோட்டுக்கு வந்தாச்சு." போனை ஸ்பீக்கரில் போட்டு ஓட்டிக்கொண்டே பேசினாள். பின்னால் காற்றுச் சத்தம். வாலு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"வண்டியைப் பாத்தியா?"

"பாத்தேன்ங்க. ஆயில் இருக்கு, தண்ணி இருக்கு, காத்து இருக்கு. புள்ளியும் நாலும் இருக்கு."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"ராத்திரி வந்து வச்சுட்டுப் போயிட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் குரலுக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. மெதுவாக, ஒரே சீராக. கட. கட. கட. கட.

"நிறுத்து."

"என்னங்க?"

"வண்டியை நிறுத்து! பிரேக்கை ஓங்கி மிதிக்காத. காலை எடு, மெதுவா ஓரங்கட்டு. நிறுத்துடி!"

ரைட்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். போனில் கடகடப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. ஹேண்ட் பிரேக் இழுக்கும் சத்தம். வாலு பாட்டை நிறுத்தி, "என்னம்மா?" என்றாள்.

"முன்னாடி லெஃப்ட் வீல்ல, நட்டைக் கையால திருகிப் பாரு."

கதவு திறந்தது. செருப்புச் சத்தம்.

"ஏங்க." அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "சுத்துதுங்க. நாலும் விரல்லயே சுத்துது. கையெல்லாம் மஞ்சளா ஒட்டுதுங்க."

டிக்கியில் துணியில் சுற்றிய ரெஞ்சு இருக்கிறது என்றேன். எப்படிப் போடுவது, எந்தப் பக்கம் இழுப்பது என்று சொன்னேன். முழு உடம்பையும் கொடுத்து இழு என்றேன். போனைத் தரையில் வைத்துவிட்டு இழுத்தாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

டக்.

டக்.

டக்.

டக்.

நான் சுவரில் சாய்ந்து அழுதேன். "அவ்வளவுதான். உள்ள ஏறு. கதவைச் சாத்திக்கோ" என்றேன்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் மூச்சு போனில் நெருங்கி வந்தது. அப்போது வெளியிலிருந்து, சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து வந்தது.

தட்.

நாலு எட்டு நடை.

தட்.

"ஏங்க, யாரோ வண்டியைச் சுத்தி வர்றாங்க" என்றாள் மனைவி. "ஆனா யாருமே தெரியலைங்க."

தட்.

தட்.

பிறகு போனில் மனைவியின் மூச்சு அடங்கிப்போனது. காற்று அடங்கியது. பக்கத்தில் வாயை வைத்துப் பேசுவது போல அந்தக் குரல் வந்தது.

"எல்லாம் செக் பண்ணிட்டீங்களா?"

பண்ணிட்டேன் டீச்சர் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. எட்டு வருஷப் பழக்கம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இல்ல டீச்சர்" என்றேன். "இன்னும் மூணு வீல் பாக்கலை."

மறுபடி காற்றுச் சத்தம் வந்தது. மனைவியின் மூச்சு வந்தது. அவளுக்கு எந்தக் குரலும் கேட்டிருக்கவில்லை.

"இறங்கு" என்றேன். "மத்த மூணு வீலையும் பாரு. புள்ளி இருக்கா பாரு."

"அதுலயெல்லாம் காலைல புள்ளியே இல்லைங்க. இந்த ஒண்ணுலதான் இருந்துச்சு."

"இறங்கிப் பாரும்மா."

கதவு திறந்தது. நான் அவள் காலடியை எண்ணினேன். மேஜையின் அந்தப் பக்கம் நின்ற ரைட்டர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பழுப்புக் கவரின் மேல் ஒரு மஞ்சள் கறை. என் கண்முன்னாலேயே அது மெல்ல விரிந்தது.

"இதை யாராவது திறந்தீங்களாய்யா?" என்று அறையிலிருந்தவர்களைக் கேட்டார்.

"ஏங்க" என்றாள் மனைவி. பல் கிட்டிப்போன குரல். "மூணுலயும் இருக்குங்க. பன்னிரண்டும் ஈரமா இருக்கு."

பன்னிரண்டையும் இறுக்க வைத்தேன். ஒவ்வொரு டக்கும் என் காதில் விழுந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக விட்டேன். ஒன்பது மணிக்கு வாலு மெஷினில் படுத்தாள். அரைமணி நேரம் தாமதம், நர்ஸம்மா திட்டினாராம். அவ்வளவோடு போயிற்று.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். இன்று என்னைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். எப்போது வெளியே விடுவார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. போனைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். மனைவிக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ரைட்டர் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்: புள்ளியை நம்பாதே, நான் வைத்ததாகவே இருந்தாலும் நம்பாதே, பதினாறு டக்கும் உன் காதால் கேள், கேட்டு முடித்த பிறகும் பாதி வழியில் இறங்கி மறுபடி கேள். தாளை மடிக்கும்போது பார்த்தேன். என் கட்டைவிரல் பட்ட இடத்தில், கையெழுத்துக்குக் கீழே, ஒரு மஞ்சள் புள்ளி விழுந்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது.